ஒரு நம்பர் சிறிய ஷூ

செருப்புக்கடையில் அவரை எல்லாரும் அளவுகோல் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் ஏறும் காலைப் பார்த்தே நம்பரைச் சொல்லிவிடுவார். பிறகு அளந்து பார்த்தால் அரை நம்பர்கூடப் பிசகாது. அப்பேர்ப்பட்ட மனிதர் பெற்ற மகள் காலில் ஒரு நம்பர் சிறிய ஷூவை மாட்டிவிட்டார். தெரியாமல் இல்லை. ஓசியில் கிடைத்தது, அவ்வளவுதான்.

விற்காமல் தங்கிப்போன ஜோடிகளை முதலாளி வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அதை வீட்டார் போட்டுக்கொண்டு ஒரு நாள் கடைக்கு வந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர் முகம் சுருங்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? மகளுக்கு வாய்த்தது ஓட்டப்பந்தய ஷூ. பள்ளியிலேயே வேகமான ஓட்டக்காரி அவள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பெருவிரல் இடிக்கிறது என்றாள். நாலு நாள் போட்டால் இளகிவிடும் என்றார். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே ஒட்டிக்கொண்ட பதில். செயற்கைத் தோலாவது இளகுவதாவது! அவருக்குத் தெரியாததா?

நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி விரல் சிவந்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள் மனைவி. இதற்கெல்லாமா டாக்டர் என்று இவர் நகவெட்டியை எடுத்து, மூலையைக் குடைந்து, உள்ளே போயிருந்த துணுக்கை ஆழமாக வெட்டி எறிந்தார். அன்றைக்கு வலி குறைந்தது. அப்பா கை பட்டாலே சரியாகிவிடுகிறது என்று மகள் சொன்னதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வலி திரும்பும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குடைந்தார். வெட்டிய முனை வளர்ந்து முன்னைவிட ஆழமாகக் குத்தியது. கடைசியில் சீழ் வைத்தது. அதுவரை அவள் நொண்டிக்கொண்டே பயிற்சிக்குப் போனாள். அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை.

டாக்டரம்மா விரல் மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தின் ஓரத்தை நீளவாக்கில் உருவி எடுத்தார். நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையை நோண்டவே கூடாது. முதலிலேயே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலுக்கு இடம் விட்ட ஷூ போட்டிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது என்றார். நகத்தால் கிள்ளவேண்டியதைக் கோடாலிவரை கொண்டுவந்துவிட்டார்களே என்று அவருக்குக் கோபம்.

"யாரும்மா மூலைய இப்படிக் குடைஞ்சது?"

"நான்தான் டாக்டர்," என்றாள் மகள்.

அளவுகோல் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

ஆள் எடுக்கும் நாளில் அவள் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அவளுக்குப் பின்னால் வருகிற பெண் முதலாவதாக வந்து தேர்வானாள். மகள் கைதட்டினாள். அழுதிருந்தால் இவருக்குச் சமாதானம் சொல்லும் வேலையாவது கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கால நீட்டும்மா. கட்டு மாத்திடறேன்."

அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்பா. அம்மா வரட்டும்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. கட்டு நனைந்து போயிருந்தது. அம்மா வேலை முடிந்து வர இன்னும் வெகுநேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள்.