ஒரே ஒரு ரிங்

தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் ஏறாமல் வண்டி கிளம்பாது. ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டியிருக்கும் ஓட்டுநரின் போன் ஒரே ஒரு ரிங் அடித்து நிற்கிறது. திரையில் ஏதோ வெளிநாட்டு எண்.

தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். சும்மா இருக்க முடியுமா?

“திருப்பிக் கூப்பிட்டுடாதீங்க. அமெரிக்காவுல 900, இங்கிலாந்துல 09ன்னு ஆரம்பிக்கிற நம்பருக்குப் பேசினா கட்டணம் கூட. அதுல ஒரு பங்கு நம்பர் வச்சிருக்கவனுக்குப் போகும். அந்த ஊர்க்காரங்களுக்குப் பார்த்ததுமே தெரியும், நமக்குத் தெரியாது. அதான் ஒரு ரிங் விட்டு ஆசை காட்டுறான். நீங்க கூப்பிட்டு அவன் எடுத்தா, பேலன்ஸ் அம்பேல்.”

“இன்னா சார் நீ, மிஸ்டு காலுக்குப் போய் யாராச்சும் பேசுவாங்களா? என் சம்சாரம் ஒரு ரிங் வுட்டா சாப்ட வான்னு அர்த்தம். ரெண்டு வுட்டா பால் வாங்கினு வான்னு அர்த்தம்.”

எங்கள் துறை ஏன் உருப்படவில்லை என்று இப்போது புரிகிறது.

நான் தடுப்பதற்குள் அவர் அந்த எண்ணை அழுத்திவிடுகிறார். ஒரு ரிங் போனதும் சட்டென்று கட் செய்கிறார். “வோணும்னா அவனே பண்ணட்டும்.”

இரண்டு பேர் ஏறுகிறார்கள். வண்டி கிளம்பும்போது அதே எண்ணிலிருந்து மறுபடியும் ஒரு ரிங் வந்து நிற்கிறது.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.

“யாருன்னு தெர்ல சார். ஆனா நம்ம பம்மல் ஆளு மாதிரிதான் கீறான்.”