நாற்பது நொடியில் நிறுத்திய வீடியோ

“இதுல எந்த எடத்துல சிரிக்கணும் டீச்சர்?”

போன மே மாதம் திண்டுக்கல்லில், எங்கள் சர்ச் பள்ளிக்கூட வாசலில் நின்று சண்முகவள்ளி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் இடுப்பில் வெள்ளரிக்காய்க் கூடை, கையில் என் போன்.

நான் டீச்சர் இல்லை. என் பெயர் ஐரின். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாமல், பத்து நாள் விடுமுறை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை பாட்டு, கதை, விளையாட்டு, மதியச் சாப்பாடு. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். மூன்றாவது முதல் ஐந்தாவது வரை படிக்கும் இருபத்திரண்டு பேர் என் பொறுப்பு.

முதல் நாளே சண்முகவள்ளி தன் மகள் சுகன்யாவைக் கொண்டுவந்து விட்டார். பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி வெள்ளரிக்காய் விற்பவர் அவர்.

“சத்தம் போடுவா டீச்சர், ரெண்டு அதட்டுப் போடுங்க. திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க. லீவு விட்டா எங்கூடப் பஸ் பஸ்ஸா ஏறி எறங்குறா. போன வருசம் ரிவர்ஸ் எடுத்த வண்டிக்கு அடியில போயிருப்பா. பத்து நாளாச்சும் நான் பயமில்லாம யாவாரம் பாப்பேன்.”

சரி என்றேன்.

சுகன்யாவுக்கு ஒன்பது வயது. நான் கதை ஆரம்பித்தால் போதும், பின்வரிசையிலிருந்து குரல் வரும்: “வெள்ளரி வெள்ளரீ! உப்பு மொளகா போட்ட வெள்ளரி! அக்கா, கதையெல்லாம் அப்பறம், வண்டி எடுக்கப் போறான், ஒண்ணு வாங்கிக்கக்கா!” பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். என் கதை போச்சு. அவள் பெயரைப் போர்டில் எழுதினேன். தனியாக உட்கார வைத்தேன். விளையாட்டிலிருந்து நிறுத்தினேன். விளையாட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ஓடுகிறவர்களுக்கு வெள்ளரி விற்றாள்.

பக்கத்துக் குழுவைப் பார்த்துக்கொண்ட ரொனால்டு அண்ணன், “உன் கிளாஸ்ல கதை நீ சொல்றியா, அவ சொல்றாளா?” என்று எல்லார் முன்பும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

நாலாம் நாள் சுகன்யாவை மேடையில் ஏற்றினேன். “இம்புட்டு ஆசையா இருக்குல்ல? கூவு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் கூவணும்” என்றேன். போனை எடுத்து வீடியோ போட்டேன்.

முதலில் அவளுக்கு ஒரே சந்தோஷம். கூடையைத் தூக்குவதுபோல் கையை வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் சண்டை போட்டு, சில்லறை கேட்டு, அப்படியே அம்மாவாகவே மாறினாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். “ம், கூவு” என்றேன். பிள்ளைகள் கைதட்டி “இன்னும், இன்னும்” என்றார்கள். குரல் கம்மியது. “அக்கா, தொண்ட வலிக்குதுக்கா” என்றாள். “வலிக்கட்டும், கூவு” என்றேன். அவள் அங்கேயே நின்று அழுதாள்.

அன்று மாலை அந்த வீடியோவை முதல் நாற்பது நொடியோடு நிறுத்தி வெட்டி, “எங்க கேம்ப் வியாபாரி” என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகள் வைத்து ஸ்டேட்டஸில் போட்டேன். இரவுக்குள் அது எனக்கே மூன்று குரூப்பிலிருந்து திரும்பி வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலைதான் சண்முகவள்ளி வந்தார். டீக்கடையில் யாரோ அவருக்குக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். என் போனை வாங்கி, வெட்டாத வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். “நல்லாத்தான் கூவுறா” என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். சுகன்யா அவர் சேலைக்குப் பின்னால் நின்றாள். உள்ளே வரவில்லை. இருவரும் திரும்பிப் போனார்கள். வீடியோவை அழித்தேன். என் போனிலிருந்து மட்டும்தான் அது போனது.

“உன் கிளாஸ் அடங்கிருச்சே!” என்றார் ரொனால்டு அண்ணன்.

ஒரு வாரம் கழித்து, சின்னாளப்பட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். சண்முகவள்ளி ஏறினார். அவர் வாயைத் திறந்ததும் பின்சீட்டுப் பையன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்தான். சுகன்யாவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் விற்றுக்கொண்டே வந்தார். கீழே ஜன்னலோரம் சுகன்யா ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்து நின்றாள். கூவவில்லை. “என்ன வெல பாப்பா?” என்று ஒருவர் கேட்டதற்குப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அவர் இறங்கியதும் நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது.

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன். சண்முகவள்ளி கூடையை இறக்கிவிட்டு, “செத்த நேரம் உக்காரு” என்றார். அன்று டீச்சர் என்று கூப்பிடவில்லை.

அவர் ஊர் சேவுகம்பட்டி. கல்யாணமாகி இங்கே வந்தார். லாரி வேலைக்குப் போன கணவர் முத்துச்சாமி, மகளுக்கு இரண்டு வயதானபோது திருப்பூரில் தங்கிவிட்டார், திரும்பவில்லை. கூடை எடுத்த முதல் நாள் சண்முகவள்ளிக்குச் சத்தமே வரவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம். பஸ் ஹாரன் அடிக்கும்போது மட்டும், யாருக்கும் கேட்காது என்று, அதோடு சேர்ந்து கத்திப் பழகியிருக்கிறார்.

“எனக்கு வாயத் தொறக்கப் பதினஞ்சு நாளாச்சு. எம் புள்ளைக்கு மூட ஒரே நாளு” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதை எழுதி, பெயர்களை மாற்றி, அவரிடம் படித்துக் காட்டினேன். “பேர எதுக்கு மாத்துற? அந்த வீடியோலதான் மூஞ்சியே இருக்கே. அவ அழுததையும் எழுதியிருக்கேல்ல, அது போதும்” என்றார். சுகன்யா பக்கத்தில்தான் இருந்தாள். என்னிடம் பேசவில்லை.

அவர் கேட்டதற்கு இப்போது பதில் தெரியும். சிரிக்க வேண்டிய இடம் எதுவும் அதில் இல்லை, சிரிக்கிற மாதிரி நான்தான் வெட்டினேன்.

அந்த நாற்பது நொடி உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். அதை அழித்துவிடுங்கள். உங்களுக்கு யார் அனுப்பினார்களோ, நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் எல்லாருக்கும் இதை அனுப்புங்கள். அந்தப் பின்சீட்டுப் பையனுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.