அவள் ஏன் ரயில் ஏறவில்லை?

பதில் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்பவருக்கு ஆசிரியர் வேலை சொகுசு, மற்றவர்களுக்குத் தலைவலி. நான் இரண்டாவது ரகம். தாராவியில் மாலை நேரத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். சாக்பீஸ் தூளை விழுங்கிய சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அன்று படித்த கதை இதுதான். மும்பையில் பிழைக்கும் ஒரு பெண் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கிறாள்; ரயில் வந்ததும் ஏறாமல் வீடு திரும்பிவிடுகிறாள். காரணம் கதையில் இல்லை. "ஏன் ஏறலை? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். என் கண்ணெல்லாம் முத்துலட்சுமி மேல்தான். எட்டாவது படிக்கும் அவள் வகுப்பில் வாயே திறந்ததில்லை. இப்படியே ஊமையாக இருந்தால் நிறுத்திவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவளை விட எனக்கு மனசில்லை.

எத்தனை மார்க்?

முதலில் கை தூக்கியவன் கணேசன். "சொல்லுப்பா" என்றேன் ஆவலாக. அவன் எழுந்தது பதில் சொல்ல அல்ல. "டீச்சர், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா? அதுக்குத் தக்கன யோசிக்கணும்லா."

லேடீஸ் டப்பா

பாசம், ஏக்கம் என்று ஏதாவது வரும் என நான் காத்திருந்தேன். தினமும் அம்மாவோடு லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் இடிபடும் கவிதாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "லேடீஸ் டப்பா எங்க வந்து நிக்கும்னு தெரியாம ஓடியிருப்பா டீச்சர், அதுக்குள்ள வண்டி கிளம்பிருக்கும்."

ஒரே சால்

வீட்டில் யோசித்து எழுதி வரச் சொன்னேன். மறுநாள் எல்லார் தாளிலும் "தியாகமே காரணம்" என்று இருந்தது. ஒரு பையனின் அண்ணன் எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். முத்துலட்சுமியின் தாள் மட்டும் காலி. எல்லாருக்குமா ஒரே மாதிரி தோன்றியது என்று கேட்டதற்குக் கணேசன் சொன்னான்: "நாங்கல்லாம் ஒரே சால்ல, ஒரே வரிசைக் குடியிருப்புல, பக்கத்துப் பக்கத்து வீடு டீச்சர், வேற வேறயாவா தோணும்?"

அம்மா வந்தார்

வெறும் தாளைப் பார்த்த முத்துலட்சுமியின் அம்மா, தையல் பட்டறையிலிருந்து நேரே வந்துவிட்டார். "கேட்ட ஒங்களுக்கே பதில் தெரியாதாம்லா? பொறவு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" நியாயம்தான். ஒப்புக்கொண்டு கதையைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "புருஷன் வேண்டாம்னிருப்பான். வேற என்ன?"

"இல்லம்மா" என்றாள் முத்துலட்சுமி. "ஊருக்குப் போனா, எப்போ திரும்பிப் போறேன்னுதான எல்லாரும் கேக்காவ? போன லீவுல ஒன்னக் கேட்டாவல்லா? அதான் ஏறல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அம்மா மகளின் பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் அனுப்புதேன் டீச்சர். ஆனா புருஷன்தான் காரணம், அதையும் எழுதிக்கிடுங்க." மறுத்துச் சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகளைப் பேச வைப்பதுகூட எளிதுதான் ஐயா, அவர்கள் பேசும்போது ஓர் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு.