ஜிங்க் என்று சொன்னவள்

ஆஸ்திரேலியாவில் க்ளன்கரி என்கிற சுரங்க ஊரில் கம்ப்யூட்டர் சூடாகி நின்றுபோனால் நோரீன் ட்ரெலோரிடம்தான் போயாக வேண்டும். வேறு நாதி கிடையாது. சுரங்கத்தில் மின்வேலை பார்த்து, முதுகு போனபின் கடை போட்டவள். கடை போட்ட இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரிடமும் "என் தப்பு" என்று சொன்னதில்லை. தப்பே செய்ததில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பிராசசரைக் குளிரவைக்கத் தண்ணீர்க் குழாய் வைத்த சாமான் கேட்டு வந்தால் விரட்டாத குறைதான்.

"வெளியில நாப்பத்தி நாலு டிகிரி. காத்தே கொதிக்குது, தண்ணி மட்டும் எப்படிய்யா ஜில்லுனு இருக்கும்? பெரிய ஃபேனா போடு. வாரா வாரம் தூசி தட்டு. போ!"

வெள்ளிப்பொடி கலந்த விலை கூடின பசையும் அவளுக்கு ஆகாது. பிராசசருக்கும் அதன்மேல் உட்காரும் உலோகக் கட்டைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அதை அடைத்துச் சூட்டைக் கடத்த சாதாரண வெள்ளைப் பசை போதும் என்பாள். பழைய மின்வேலைக்காரர்கள் வழக்கப்படி அதை "ஜிங்க்" என்றுதான் சொல்வாள். ஊருக்கு ஜிங்க் என்றால் கிரிக்கெட் ஆடும்போது வெயிலுக்கு மூக்கில் பூசுகிற களிம்பு. அது அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் மூக்கிலேயே அதுதான் அப்பியிருக்கும்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை கிர்ஸ்டி லோமாஸ் போன் செய்தாள். எழுபது கிலோமீட்டர் தள்ளிப் பண்ணையில் இருப்பவள். சுரங்கத்துக்கு வரைபடம் போடும் வேலை போய் எட்டு மாதம். பிரிஸ்பனில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு மாதிரிக்கு ஒரு அனிமேஷன் படம் கேட்டிருந்தது. வெள்ளி மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். இந்த வேலையும் இல்லையென்றால் பண்ணையை விட்டுப் போக வேண்டியதுதான். படம் உருவாக முப்பது மணி நேரம் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். அதுவோ சூட்டில் மூன்று மணிக்கொரு தரம் அணைந்தது.

"பசை காஞ்சிருக்கும். கழட்டித் தொடச்சிட்டு ஜிங்க் வை, பட்டாணி அளவு. வீட்டுல ஜிங்க் இருக்குல்ல?"

"ரெண்டு ட்யூப் இருக்கு!"

"அப்புறம் என்ன?" என்று நோரீன் போனை வைத்துவிட்டாள்.

வியாழன் மதியம் வரை ஒன்றும் சரியாகவில்லை. நோரீனே வண்டியெடுத்துப் போனாள். கட்டையைத் தூக்கியதும் கடற்கரையில் பூசுகிற களிம்பின் வாசனை குப்பென்று அடித்தது.

"ஐயோ, என்னடி இது? தேங்கா மணக்குது!"

"நீங்கதானே ஜிங்க் வைக்கச் சொன்னீங்க?"

நோரீன் அதை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உண்மையான பசை வைத்து ஓட்டினாள். ஓட்டம் சீரானது. ஆனால் வெள்ளி மாலை ஐந்துக்கு இன்னும் இருந்தது இருபத்தெட்டே மணி நேரம். படத்துக்கு வேண்டியது முப்பது.

கிர்ஸ்டி கம்பெனிக்குப் போன் போட்டாள். "கெடுன்னா கெடுதாங்க. எல்லாரும் மெஷின் மேலதான் பழி போடுறாங்க," என்றான் அங்கே போனை எடுத்தவன். கிர்ஸ்டிக்குக் கண் கலங்கிவிட்டது. நோரீன் போனைப் பிடுங்கினாள்.

"மெஷின் மேல இல்ல தம்பி. ரிப்பேர்க்காரி நான். என் தப்பு. ஜிங்க் வைன்னேன், பாவம், மூக்குல பூசுறத வச்சிட்டா."

அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள்.

"சரி, சனிக்கிழமை மதியத்துக்குள்ள அனுப்புங்க," என்றான்.

படம் வெள்ளி இரவே போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது. ஊர் கிளப்பில் கிர்ஸ்டியைத்தான் ஒரு மாதம் கிண்டலடித்தார்கள். ஒரு நாள் லாரிக்காரன் ஒருவன் நோரீனின் கடையிலேயே ஆரம்பித்தான்.

"யாரோ ஒரு கிறுக்கி மூக்குல பூசுறதைக் கம்ப்யூட்டருக்குப் பூசினாளாமே?"

நோரீன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"பூசினது அவ. ஜிங்க்னு சொன்ன கிறுக்கி நான்தான்," என்றாள். "உனக்கு என்ன வேணும்?"