முருங்கை இலை மாத்திரையும் நாளைய பயாப்சியும்

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர். சரசக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் கட்டி, நாளைக்குப் பயாப்சி; ஊசியால் துளி சதை எடுத்துப் புற்றுநோயா என்று பார்ப்பார்கள்.

இன்று டீ இடைவேளையில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். முருங்கை இலைச் சாற்று மாத்திரை. 'புற்றுநோய் செல்களை அழிப்பது ஆய்வில் நிரூபணம்' என்று லேபிளில் போட்டிருந்தது.

"ஒரு மாசம் இதைத் தின்னு பாத்துட்டு, அப்பறமா ஊசி குத்திக்கலாமுங்க."

நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். கல்லூரி லேபில் இலைச் சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் அளந்திருக்கிறேன்.

"அக்கா, அந்த ஆய்வுல செத்தது கண்ணாடித் தட்டுல வளத்துன செல்லுங்க. நம்ம ப்ளீச்சிங் தண்ணிய ஊத்துனாலும் செத்துப்போகும். அதுக்காக அதைக் குடிப்பீங்களா?"

"உங்களுக்கு எதுலதானுங்க சந்தேகமில்ல?" என்று சிரித்தார்.

நான் விடவில்லை. "சாம்பிள் பீஸ் நல்லா வந்துச்சுன்னு, வாஷ் டெஸ்ட் பண்ணாம முழு ஆர்டரையும் பேக் பண்ண உடுவீங்களா?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதெப்படீங்க உடுவேன்? சாயம் போச்சுன்னா அத்தனையும் திரும்பி வந்துருமுங்க!"

அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டப்பாவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஆனா அது துணிங்க. இது வெறும் இலைதானுங்களே, என்ன பண்ணிரப் போகுது?"

இலை ஒன்றும் பண்ணாது. அந்த ஒரு மாதத்தில் கட்டி என்ன பண்ணும் என்பதுதான் என் கவலை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாளை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நிற்பேன். இதைவிட நல்ல உதாரணம் யாரிடமாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். துணி உதாரணம் மட்டும் வேண்டாம்.