புலியா, புளியா?

அலுவிகாரையில் பத்திக் துணிக்கு, சாயம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகு வைப்பவர்களில் ஷிரானியைப் போலக் கை ஓடுகிறவர் கிடையாது. ஆனால் அவள் இத்தனை வருடமாக மெழுகு வைத்ததெல்லாம் அடுத்தவர் வரைந்த யானைக்கும் மயிலுக்கும்தான். ஒரு துணியில்கூட அவள் பெயர் இல்லை. அதனால்தான் மாத்தளைக் கண்காட்சிக்காரர்கள், "சொந்தமா ஒண்ணு செஞ்சு, ஒங்க பேரையும் போட்டுக் கொண்டாங்க" என்றபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவர்கள் கொடுத்தது ஒரு பழைய செடிப்படத்தின் பிரதி. இந்தப் பக்கத்துக் காட்டில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கறுப்பு மையில் வரைந்தது. அந்தச் செடி இப்போது கண்ணில் படுவதே அபூர்வமாம். படத்தில் நிறம் இல்லை. கீழே, ஊரார் சொன்ன தமிழ்ப் பெயரைத் துரை ஆங்கில எழுத்தில் Pulippoo என்று கிறுக்கியிருந்தார். ஷிரானி எழுத்துக்கூட்டினாள்: புலிப்பூ.

பெயரே நிறத்தைச் சொல்லிவிட்டதே! துணியை மஞ்சளில் முக்கி, கறுப்புக் கோடுகள் போட்டாள். காய்ந்தபோது பூ உறுமாத குறைதான்.

ஆட்டோ ஓட்டும் புருஷன் செபஸ்தியன் எட்டிப் பார்த்தான். "அது புலியில்ல, புளி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே. வாயில வச்சா புளிக்கும், அதான் பேரு. அதுவும் இந்த நாட்டுல புலின்னு எழுதி மாட்டி, போலீஸ வரவழைக்கப் போறியா?"

"தொர பக்கத்துல நின்னு பாத்தீங்களாக்கும்!" என்று சீறினாள். ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. முதன்முதலாகப் பெயர் போடும் துணி. பிழையென்றால் ஊரே சிரிக்கும். "வண்டிய எடுங்க" என்றாள்.

ரத்தோட்டைக்கு மேலே, துரை அலைந்த காட்டில் ஒவ்வோர் ஓடையாக இறங்கி ஏறினார்கள். கடைசியில் ஒரு ஈரப் பாறையில் அதே வளைந்த தண்டு, அதே பல் பல்லான இலை. பூவோ பால் வெள்ளை. கோடு கிடையாது. செபஸ்தியன் முந்திக்கொண்டு ஓர் இலையைக் கடித்தான், தூவென்று துப்பினான். "கசக்குது!"

ஷிரானி சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பூவின் உட்புறம் தெரிந்தது. தொண்டை நிறைய ஊதாப் புள்ளிகள்.

"புள்ளிங்க! புள்ளிப்பூ! தொர ஒரு எழுத்த முழுங்கிட்டாருங்க!"

வீடு வந்ததும் புதுத் துணி எடுத்தாள். வெள்ளை இதழை மெழுகால் மூடி, புள்ளிகளை மட்டும் திறந்துவிட்டு, ஊதாவில் முக்கினாள். புலித் துணி கட்டில் விரிப்பானது.

கண்காட்சியில் துணியின் மூலையில் தமிழில், கொட்டை எழுத்தில் இருந்தது: புள்ளிப்பூ. ஷிரானி. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அத்தனை சந்தோஷம். வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பூவின் பெயரை இங்கிலீஷ் எழுத்திலும் போடவா என்று கண்காட்சிக்காரர் கேட்டார்.

"ஐயோ, வேணாங்க" என்றாள் ஷிரானி. "மறுபடி புலியாயிடும்."