கதவு ஜிக் எந்த ஹெடிங்கில் வரும்?

1. திரையில் வந்த கேள்வி

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் கஸ்டம்ஸ் கேள்வி வந்து நின்றது. "பொருள் மோட்டார் வாகனத்தின் பாகமாகத் தோன்றுகிறது. 7326-இல் வகைப்படுத்தியதற்குக் காரணம் கூறவும்." கீழே பெயர் இல்லை. மதிப்பீடு செய்யும் அதிகாரி எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே இப்போது நமக்குத் தெரியாது. முன்பெல்லாம் சென்னைக்குப் பஸ் ஏறி, அதிகாரியின் மேஜைக்கு எதிரே நின்று, பொருளைக் கையில் கொடுத்து விளக்கலாம். இப்போது பதிலைத் தட்டச்சு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க வராது.

நான் ஆந்திர எல்லைக்குள் சத்தியவேடு பக்கத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் இறக்குமதி ஆவணப் பிரிவில் இருக்கிறேன். வீடு புத்தூரில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெயின்ட் ஷாப்பில் வண்டியின் கூடு, அதாவது பாடி, கன்வேயரில் நகர்ந்து போகும். கதவு முழுக்க மூடியிருந்தால் ஓரங்களில் பெயின்ட் ஏறாது, ஓவனில் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆடிக்கொண்டிருந்தால் எங்காவது இடிக்கும். அதனால் முழங்கை நீளத்துக்கு ஒரு வளைந்த ஸ்டீல் கம்பியைக் கதவுக்கும் கூட்டுக்கும் நடுவே மாட்டுவார்கள். கதவு ஒரு சாண் திறந்தபடியே ஆடாமல் போகும். ஓவனிலிருந்து வெளியே வந்ததும் கம்பியைக் கழற்றி வரிசையின் தொடக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த பாடி, அதே கம்பி. இதுதான் கதவு ஜிக்.

கஸ்டம்ஸ் டாரிஃபில், அதாவது சுங்க வரிப் பட்டியலில், ஒவ்வொரு பொருளுக்கும் ஹெடிங் என்று ஓர் எண் உண்டு. வாகனத்தின் பாகமென்றால் 8708. பெயின்ட் தெளிக்கும் இயந்திரத்தின் பாகமென்றால் 8424. இரண்டும் இல்லையென்றால் எதனால் செய்தது என்று பார்க்க வேண்டும். இரும்போ ஸ்டீலோ, வேறெங்கும் இடமில்லாதது, 7326. பழைய மாடலின் ஜிக்குகளை நான் எப்போதும் 7326-இல்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

இம்முறை வந்தவை புது மாடலுக்கான ஜிக்குகள். கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. புது மாடலின் பெயின்ட் ட்ரையலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஜிக் வராவிட்டால் ட்ரையலைக் கம்பெனியின் இன்னொரு ஆலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ட்ரையல் போனால் அதற்காகத் தொடங்கவிருந்த இரண்டாவது ஷிப்ட்டும் அதனோடு போகும். அந்த ஷிப்ட்டுக்குச் சேர்த்த பிள்ளைகள் பயிற்சி முடித்துக் காத்திருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் பாஸ்கர் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் உட்கார்ந்து பேசினால் சாதாரண விஷயம், நின்று பேசினால் மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"கலாவதி மேடம், அவங்க சொல்ற 8708-ஐயே ஒத்துக்கோங்க. டிஃபரன்ஸ் டியூட்டியக் கட்டிட்டு எடுத்துடலாம்."

"சார், இன்னிக்கு வண்டிப் பாகம்னு ஒத்துக்கிட்டா, இதுக்கு முன்னால கொண்டாந்த ஜிக் எல்லாமும் வண்டிப் பாகம்தான்னு ஆயிடும். எல்லா பில்லையும் திருப்பித் தோண்டுவாங்க."

"அது அப்பறம் வர்ற பிரச்சினை. ட்ரையல் இப்ப வர்ற பிரச்சினை."

"அதோட இது வண்டிப் பாகம் இல்ல சார்."

"சரி. உங்க இஷ்டம். ஆனா ட்ரையல் போச்சுன்னா ஏன் போச்சுன்னு நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

பதில் எழுதினேன். படங்கள் இணைத்தேன். பெயின்ட் தெளிக்கும் கன் இது இல்லாமலும் தெளிக்கும், ஆகவே அதன் பாகமல்ல. வாடிக்கையாளர் வாங்கும் வண்டியில் இது இருக்காது, ஆகவே வண்டியின் பாகமல்ல என்று எழுதினேன். மறுநாளே அடுத்த கேள்வி வந்தது. "இந்த ஜிக் ஒரு மாடலின் கதவுக்கு மட்டுமே பொருந்துகிறது. வண்டியோடு வெளியே செல்வதில்லை என்பதற்கு ஆதாரம் என்ன? ஆலையில் இப்போது பயன்படும் ஜிக்கைத் திருப்பதி அலுவலகம் நேரில் பார்த்து அறிக்கை தரும்."

கேள்வியில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மாடலுக்கென்று அளவெடுத்துச் செய்த சாமானைப் படத்தில் பார்க்கிறவர் வேறென்ன நினைப்பார்?

2. விருந்தாளிக்குப் பெருக்கி வைத்த வீடு

திருப்பதியிலிருந்து சூப்பரின்டென்டென்ட் சுப்பாராவ் திங்களன்று வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். விஜயபுரத்துக்காரர், என்னைவிட இளையவர், வேலையில் கெட்டிக்காரர். "கஸ்டம்ஸ் ஆபீசர் ஜிக்கைப் பார்க்க வர்றார்" என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மடித்த துணியை மறுபடி மடித்தேன். என் கணவர், "கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காரேன்" என்றார்.

திங்கள் காலை பெயின்ட் ஷாப்புக்குள் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். தள்ளுவண்டிகளில் ஜிக்குகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் பளபளவென்று வெறும் ஸ்டீலாக மின்னியது.

"முனிரத்தினம், இன்னா இது?"

"எல்லாத்தையும் நாயுடுபேட்டைக்கு அனுப்பி எரிச்சிக் கொண்டாந்துட்டேங்கா. லீவு நாளுதானே, வேலை ஒண்ணும் நிக்கல. எப்டி கீது பாரு, புதுசு மாதிரி!"

பெயின்ட் தடித்துவிட்ட ஜிக்குகளை நாயுடுபேட்டையில் ஒரு பட்டறைக்கு அனுப்புவோம். அங்கே சூளையில் போட்டுப் பெயின்ட்டை எரித்து எடுப்பார்கள். வழக்கமாக ஒரு பகுதி போகும், ஒரு பகுதி லைனில் ஓடும். முனிரத்தினம் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார்.

"பெயின்ட் படிஞ்சது ஒண்ணு கூடவா இல்ல?"

"இன்னாக்கா நீ, ஆபீசர் வர்றார்னு நீதானே சொன்ன? ஊட்டுக்கு ஒருத்தர் வந்தா பெருக்கி வெக்க மாட்டமா? குப்பையோடயா காட்டுவாங்க?"

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. யார் வருகிறார் என்று சொன்ன நான், ஜிக்கில் எதைப் பார்க்க வருகிறார் என்று சொல்லவில்லை.

சுப்பாராவ் சார் ஒல்லியான மனிதர். தமிழும் தெலுங்கும் கலந்து மெதுவாகப் பேசினார். ஒரு ஜிக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதி கொத்ததி கதா? புதுசுதானே?"

"இல்ல சார், ரெண்டு வருஷமா ஓடுது. நேத்து சுத்தம் பண்ணிட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "பாருங்கம்மா, நான் கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதுவேன். இங்க பாத்தது புது ஜிக். இது ஒரு வண்டிக்கு ஒருதடவ மாட்டி அப்படியே டீலருக்குப் போவுதா, திரும்பி வருதா, நான் எப்படிச் சொல்றது?"

லைனில் ஜிக்கை மாட்டிக் காட்டினார்கள், கழற்றிக் காட்டினார்கள். "எனக்குக் காட்றதுக்காகக் கழட்னா, கழட்றீங்கன்னு எழுதலாம். தினம் கழட்றீங்கன்னு எழுத முடியுமா?" என்றார். முனிரத்தினம் பேச வாயெடுத்தார். நான் கண்ணால் அடக்கினேன். பாஸ்கர் சார் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நடையிலேயே தெரிந்தது, அவருக்கு எல்லாம் கேட்டுவிட்டது என்று.

"சார், திருப்பதிக்கு எந்த வழியா திரும்பறீங்க?" என்று கேட்டேன்.

"ஹைவேதான். நாயுடுபேட்டை, காளஹஸ்தி."

"நாயுடுபேட்டையில ஒரு இடத்துல நிறுத்துவீங்களா? பெயின்ட் எரிக்கிற பட்டறை."

"அங்கே மட்டும் எரிக்காம வெச்சிருப்பாங்களா?"

"தெரியாது சார்" என்றேன். உண்மையாகவே தெரியாது.

3. பட்டறைக் கதவு

பத்து நிமிடம் நிறுத்த சார் ஒத்துக்கொண்டார். கம்பெனி வண்டியில் நானும் முனிரத்தினமும் அவர் காருக்குப் பின்னால் போனோம். வழியெல்லாம் பட்டறைக்காரர் ரமணய்யாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. முனிரத்தினம் வாய் ஓயவில்லை.

"யக்கா, நம்ம பசங்க வேலை போயிடுமா? ரெண்டாவது ஷிப்ட்டுக்கு எங்க ஊருப் பசங்களே நாலு பேரு வந்துகினு கீறாங்க. நான் ஊருக்குள்ள எப்டிப் போவேன்?"

"கொஞ்சம் பேசாம வா."

பட்டறை என்றால் தகரக் கூரை, ஒரு சூளை, முன்னால் சிறு ஆபீஸ் அறை. ரமணய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். எரிக்காத ஜிக் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு முனிரத்தினத்தைக் காட்டினார். "அண்ணிட்டினி கால்ச்சமன்னாடு கதா. எல்லாத்தயும் எரிக்கச் சொன்னது அவருதான். எரிச்சிட்டேன்." ஸ்கிராப் குவியலையும் புரட்டினேன். எல்லாம் சூளையில் வெந்து சாம்பல் பூத்தவை.

சுப்பாராவ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். காருக்குத் திரும்பத் தொடங்கியவர், ஆபீஸ் அறை வாசலில் நின்றார்.

"இதி ஏமிடி? என்ன இது?"

அறையின் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ரமணய்யா ஒரு கம்பியை முட்டுக் கொடுத்திருந்தார். பெயின்ட் தடித்து, கட்டைவிரல் கனத்துக்கு உருண்டு, என்ன சாமானென்றே தெரியாமலிருந்தது. முனிரத்தினம்தான் அடையாளம் கண்டார்.

"நம்ம ஜிக்கு சார்! இந்தாளு எப்பவோ அமுக்கிட்டான்!"

"ஒகட்டே கதா" என்றார் ரமணய்யா, வெட்கப்படாமல். ஒன்றுதானே.

சுப்பாராவ் சார் அதை உருவினார். கதவு படீரென்று சாத்திக்கொண்டது. "ஆபீஸ் கதவுக்கும் பொருந்துதே! ஒரே மாடலுக்கு மட்டும்னு எழுதியிருக்காங்க" என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

ரம்பத்தால் நடுவில் அறுக்கச் சொன்னார். ரமணய்யா அறுத்தார். வெட்டிய முகத்தில் நடுவே ஸ்டீல், அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பெயின்ட். வெள்ளை, சாம்பல், சிவப்பு, மறுபடி வெள்ளை, நீலம், வெள்ளி, வெள்ளை. எங்கள் ஆலையிலிருந்து போன வண்டிகளின் நிறங்கள் அத்தனையும் அதில் இருந்தன. சார் நகத்தால் வளையங்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"இன்னி பண்ட்லு போயினாயி. இதி மாத்ரம் இக்கடே உந்தி" என்றார். இத்தனை வண்டிகள் போய்விட்டன, இது மட்டும் இங்கேயே இருக்கிறது.

இரண்டு பேப்பரில் நான் எழுதிய விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது. வெட்டிய துண்டைப் படமெடுத்துக்கொண்டார். துண்டையும் எடுத்துக்கொண்டார்.

4. அதற்குப் பிறகு

அறிக்கை போய்விட்டது என்று தெரிந்தது. என்ன எழுதினார் என்று தெரியவில்லை. திரையைப் பார்ப்பதும் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தேன். பாஸ்கர் சார் என் மேஜைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அது நின்று பேசுவதைவிட மோசம்.

ட்ரையலுக்கு முந்தைய தினம் மதியம் மதிப்பீடு முடிந்து வந்தது. 7326 ஏற்கப்பட்டது. அன்று மாலையே கன்டெய்னர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. ட்ரையல் எங்கள் ஆலையில்தான் நடந்தது. முதல் பாடியில் பின்கதவின் விளிம்பில் ஜிக் உரசி ஒரு கீறல் விழுந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாவது ஷிப்ட் தொடங்கியது. பாஸ்கர் சார் என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சாமானின் ஹெடிங்கைத் தேடும்போது கேட்டலாக்கை மட்டும் பார்க்காதீர்கள். அது வேலை செய்யும் இடத்துக்குப் போய், வேலை முடிந்ததும் அது எங்கே போகிறது என்று பாருங்கள். உழைத்த சாமானின் மேல் படிந்திருப்பது அழுக்கா, அத்தாட்சியா என்று கேட்காமல் எதையும் துடைக்கவிடாதீர்கள். அதிகாரி வருகிறார் என்று ஒருவரிடம் சொன்னால், எதற்கு வருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முனிரத்தினத்துக்கு இந்தப் பாடம் சற்று அதிகமாகவே ஏறிவிட்டது. கேன்டீன் கமிட்டியிலும் அவர் இருக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"யக்கா, கேன்டீனைச் சோதிக்க ஆபீசருங்க வராங்களாம். பாத்திரத்தைக் கழுவலாமா, இல்ல கீறது கீற மாதிரியே உட்டுடட்டுமா?"

"கழுவு முனிரத்தினம்" என்றேன். "ஒண்ணு விடாம கழுவு."